இரண்டு வீட்டுக்கு ஒரு மீற்றர்

எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவில் இரண்டு வீடுகள். முன் வீடு ஓடு போட்ட பழைய வீடு. பின் வீடு புதியது. சுவர் பூசி முடிந்து இன்னும் நிறம் அடிக்காமல் நின்றது. அதற்குப் பின்னால் நீரோரத்துக் கண்ணா மரப் பற்றை, அதற்கப்பால் வாவி. வரைபடத்தில்தான் அது வாவி, எங்களுக்கு ஆறு. நான் சொல்லப்போகும் நாட்களில் அந்த இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்சார மீற்றர் இருந்தது, முன் வீட்டுச் சுவரில். அங்கிருந்து ஒரு கறுப்பு வயர் புறப்பட்டு, முருங்கை மரத்தின் கவட்டில் ஏறி, நடுவே ஊன்றிய ஒரு கம்பில் தாங்கி, பின் வீட்டுக்குள் நுழைந்தது. தினமும் காலையில் நான் அந்த வயரைப் பார்த்திருக்கிறேன். அதைக் கவனிக்க எனக்குப் பல மாதம் எடுத்தது.

முன் வீட்டில் அக்கா. பின் வீடு தங்கையுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாயின் வீடு மூத்தவளுக்குப் போகும். இளையவளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும். புருஷன்மார் வந்து குடியேறுவார்கள். இந்த வளவில் இரண்டாவது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே தாய் காலமாகிவிட்டார். ஆகவே இளையவள் தன் சீதன வீட்டைத் தானே கட்டினாள், குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து. அவள் போகும்போது மகள் முதலாம் வகுப்பு. சம்பளம் வந்த வேகத்தில் சுவர் எழும்பியது. புது வீட்டில் பால் காய்ச்சியதையும் அவள் கைத்தொலைபேசியில்தான் பார்த்தாள். பால் பொங்கும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிட்டது. அடுப்பை அணைத்து, ஆறவைத்து, மறுபடியும் பொங்க வைத்துக் காட்டினார்கள்.

நான் ஒரு பத்திரிகையின் மாவட்ட நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒழுங்கையில் என் பெயர் ‘பேப்பர் அண்ணன்’. கடிதம், அழைப்பாணை, வங்கிக்காரரின் அறிவித்தல் என்று எழுத்து உள்ள எதுவும் கடைசியில் என் மேசைக்கு வரும். ஒரு காலையில் இளையவளின் புருஷன் வந்தார். ஆற்றில் வலை வீசுகிறவர். நேரே தோணியிலிருந்து வந்திருந்தார், சாரம் முழங்கால் வரை ஈரம். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மின்சார பில்லும் கைத்தொலைபேசியும்.

“அண்ண, இதொருக்காப் பாருங்க. இது எங்கட வீட்டு பில்லா, இல்லாட்டி ஐஸ் போடுற ஃபெக்டரிட பில்லா?”

பார்த்தேன். நல்ல றால் படுகிற ஒரு வாரத்தில் அவர் ஆற்றிலிருந்து எடுப்பதைவிட அது கூட.

“இத அவதான் கட்டுறா, குவைத்துல இரிந்து,” என்றார். “எங்கட புள்ளய அக்கா பாக்கிறா, கறண்ட நான் பாக்கிறன் எண்டு போகக்குள்ளயே சொல்லிட்டுப் போனவ. இப்ப கேளுங்க.”

கைத்தொலைபேசியில் ஒரு குரற்செய்தியைப் போட்டார். பின்னணியில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் இரைச்சல். அதற்கு மேலாக மனைவியின் குரல் வந்தது.

“நான் வந்து என்னத்தச் செய்யிற? வீட்டுக்கு நிறம் அடிக்கல்ல. பில்லு மட்டும் மாசாமாசம் ஏறுது. மேடம் இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்றா. ஏஜென்சி ஆள் ஒரு பேப்பர் கொண்டருவார். நீங்க கையெழுத்து வெச்சிக் குடுங்க.”

அவளுடைய ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது.

“புள்ளைக்கு இன்னும் சொல்லல்ல அண்ண,” என்றார் அவர். “அவ கலண்டர்ல ஒவ்வொரு நாளாக் கோடு போட்டுக்கு இரிக்கா.”

அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: மனைவி மூன்று மாதத்தில் வீடு வரவேண்டும். அதற்கு அந்த பில் இறங்கவேண்டும்.

நான் முதலில் செய்தது தவறு. மீற்றரில் பிழை, அல்லது அளவு எடுத்தவரின் கையில் பிழை என்று முடிவு கட்டினேன். நிருபருக்கு எப்போதும் ஒரு குற்றவாளி வேண்டும். பத்து நாள் காலையில் ஆறு மணிக்குப் போய் மீற்றரில் இருந்த எண்ணைக் குறித்தேன். முன் வீட்டுக்காரி, அதாவது அக்கா, தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தபடியே பார்த்துச் சிரிப்பாள்.

“என்னண்ண, காய்ச்சல் பாக்கிறீங்களா? இண்டைக்கு எத்தன?”

பத்தாம் நாள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மீற்றர் சரி. பில்லும் சரி. ஒரு யூனிட் பிசகவில்லை.

மாதக் கடைசியில் மீற்றர் வாசிக்கிறவர் வந்தார். ஏறாவூர்க்காரர், பழைய மோட்டார் சைக்கிள், தோளில் பில் அடிக்கும் சிறிய மெஷின், பின் கரியரில் நாய்க்கென்று செருகிவைத்த ஒரு தடி. விஷயத்தைச் சொன்னேன்.

“மீற்றர் பொய் சொல்லாது அண்ணன்,” என்றார். பிறகு தலையை உயர்த்தி முருங்கை மரத்தைப் பார்த்தார். “அந்த வயர் எங்க போகுது?”

“பின் வீட்டுக்கு.”

“நான் அதக் காணல்ல.” உடனே மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “கண்டா பிழையெண்டு எழுதணும். காணாத ஆள் ஒண்டு சொல்றன், கேளுங்க. கொஞ்சமாப் பாவிக்கிற வீட்டுக்கு ஒரு விலை. ஒரு அளவத் தாண்டினா வேற விலை. தாண்டின யூனிட்டுக்கு மட்டுமில்ல, அடியில கிடக்கிற யூனிட்டுக்கும் விலை கூடும். மாசக் கட்டணமும் கூடும். இஞ்ச ரெண்டு குடும்பம் கரண்ட் எடுக்குது. மெஷினுக்கு அது தெரியுமா? ஒரு ஊதாரிக் குடும்பம் எண்டு நினைக்குது.”

அக்காவின் வீட்டில் தையல் மோட்டார், உடுப்பு மினுக்கும் பெட்டி, ஒரு ரி.வி. பின் வீட்டில் றால் வைக்க ஒரு குளிர்ப்பெட்டி, தண்ணீர் மோட்டார். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இரண்டும் கீழ் விலையிலேயே நின்றிருக்கும். யாரும் வீணாக்கவில்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை. இரண்டு சிக்கனமான குடும்பங்கள் ஒன்றாக நின்றதால் பணக்காரர் விலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பின் வீட்டுக்குத் தனியா ஒரு மீற்றர் எடுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் பில்லைக் கிழித்துத் தந்தார். போகும்போதும் முருங்கையைப் பார்க்கவில்லை.

இது எளிதாக முடியும் என்று நினைத்தேன். காணி உறுதிப்பத்திரம் தாயிடமிருந்து மூத்தவள் பெயருக்கு வந்தது. அவள் சம்மதம் எழுதிக் கொடுக்கவேண்டும், கிராம சேவகர் உறுதிப்படுத்தவேண்டும், அவ்வளவுதான். அவளிடம் போய்ச் சொன்னேன். பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷினின் மேல் வைத்தாள்.

“மீற்றரப் பிரிக்கிறதா? அப்ப வேலியையும் அடைப்பம். மறுகா கிணத்துக்கும் நடுவில ஒரு சுவர் கட்டுவம்.”

“சண்டைக்காகப் பிரிக்கச் சொல்லல்ல. விலைக்காக.”

“அது உங்களுக்கு விளங்கும். ஊருக்கு விளங்குமா? தங்கச்சி வெளிநாட்டுல மாடா உழைக்கக்குள்ள அக்காக்காரி கறண்ட வெட்டிப்போட்டா எண்டுதான் கதைப்பாங்க. சும்மா இரிங்கண்ண.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஊர்களில் கூடப்பிறந்தவர்கள் கோபித்துக்கொண்டால் முதலில் அறுவது லைற் வயர்தான். பிறகு நடைபாதை மூடப்படும். அதன் பிறகு வேலி. இந்த ஒழுங்கில் போய் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குகளை நானே எழுதியிருக்கிறேன். ஒரு வளவுக்கு ஒரு மீற்றர் என்பது அவளைப் பொறுத்தவரை மின்சார விஷயமே அல்ல. நான் எழும்பி வந்துவிட்டேன். மீற்றர் விண்ணப்பப் படிவம் மட்டும் என் கோப்பில் இருந்தது.

அடுத்த கிழமை தரகர் வந்தார். ஏஜென்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர். வெள்ளைச் சேட்டு, மணம் வீசும் தலைமயிர், ஒரு பிளாஸ்டிக் கோப்பு. இளையவளின் புருஷன் வாசலில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“சின்னக் கையெழுத்து,” என்றார் தரகர். “புருஷன்ட சம்மதம். வெச்சா மேடம் ஒரு தொகைய முன்னுக்கே அனுப்புவா. பில்லைக் கட்டலாம், வீட்டுக்கு நிறம் அடிக்கலாம்.”

தாளை வாங்கிப் பார்த்தேன். முப்பது வருடம் பிழை பார்த்த கண் எழுத்தைவிட வெற்றிடத்தில்தான் முதலில் நிற்கும். பெயர் இருந்தது, கடவுச்சீட்டு எண் இருந்தது, இரண்டு வருடம் என்று இருந்தது. சம்பளத்துக்குரிய கோடு வெறுமை. வேலை செய்யும் வீட்டின் விலாசத்துக்குரிய கோடும் வெறுமை.

“இது ரெண்டும் எங்க?”

“அது மறுகா டைப் அடிப்பாங்க அண்ண.”

“அப்ப மறுகா கையெழுத்து வைப்பம்.”

“நீங்க பேப்பர்ல இரிந்த ஆள்தானே,” என்று சிரித்தார் தரகர். “எல்லாத்துக்கும் சந்தேகம்.”

“இல்ல,” என்றேன். “பேப்பர்ல எழுத்து இல்லாத இடத்துக்கு விளம்பரமாவது போடுவம். வெறுமையா விடமாட்டம்.”

புருஷன் பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தார். ஆனால் முகத்தில் தெளிவு இல்லை. நிறம் அடிக்கலாம் என்ற சொல் அவருக்குள் போயிருந்தது. தரகர் வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முன் வீட்டில் இருந்து குவைத்துக்கு அழைப்பு எடுத்தோம். அக்கா மெஷினில் இருந்தாள். சீருடைகள் அடுத்த நாள் கொடுக்கவேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தில். மேசையில் ஒரு பிஸ்கற் டின். அதற்குள் இளையவள் போகும்போது விட்டுப்போன ஒப்பந்தத்தின் பிரதி. இரண்டு வருடத்தில் யாரும் அதைத் திறக்கவில்லை. மடிப்புக் கூடக் கலையாமல் இருந்தது. நான் அதை விரித்து வைத்துக்கொண்டு, ஆங்கிலப் பகுதியில் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கேட்டேன்.

“சம்பளம் ஒழுங்கா வருதா?”

“ஓம் அண்ண. பிந்துறதில்ல. அடிக்கிற, ஏசுற ஒண்டுமில்ல. சாப்பாடு நல்லம்.”

“பாஸ்போட் உங்கட கையிலயா?”

“மேடம்ட அலுமாரியில.”

“அது உங்கட கையில இரிக்கணும் எண்டு இஞ்ச எழுதி இரிக்கு. கிழமையில ஒரு நாள் லீவு?”

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“இண்டைக்குத்தான் லீவு.”

“அப்ப இப்ப எங்க நிக்கிறீங்க?”

“மேடம்ட தங்கச்சிட வீட்டுல. வெள்ளிக்கிழமையில இஞ்ச கொண்டந்து விடுவாங்க. கூட்டித் துடைச்சி, உடுப்பு மினுக்கி, ராவைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இப்ப செவ்வாயும் வாறன்.”

ஒப்பந்தத்தில் ஒரு வீடு என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தையல் மெஷின் நின்றது.

“அதுக்கு வேறயாச் சம்பளம் தாறாங்களாகா?” அக்கா எழும்பி மேசைக்குக் கிட்ட வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் தங்கைக்கும் ‘கா’ போட்டுத்தான் பேச்சு.

“இல்லக்கா. கேட்டனான். அக்காவும் தங்கச்சியும்தானே, ரெண்டும் ஒரு வீடு மாதிரித்தான் எண்டு மேடம் சொல்றா.”

அக்கா வெளியே முருங்கையில் கிடந்த வயரைப் பார்த்தாள். பிறகு சுவரில் செருகியிருந்த மினுக்கும் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அது சூடேறிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த நேரம் யாரும் எதையும் மினுக்கவில்லை.

“எத்தன நாளா?”

“ஒரு வருசம் இரிக்கும்.”

“ஏன்கா எனக்கிட்டச் சொல்லல்ல?”

“சொன்னா நீ பில்லுக்குக் காசு குடுக்கப் போவாய். உனக்கும் ரெண்டு பொடியனுகள் இரிக்கானுகள்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “அண்ண, அந்த மீற்றர்ட படிவம் கையில இரிக்கா? எவடத்தில கையெழுத்து?”

காட்டினேன். நின்றபடியே வைத்தாள். தையல்காரியின் கையெழுத்து, ஒரே இழுப்பு. பிறகு கைத்தொலைபேசியை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்ச கேளு புள்ள. உன்ட வீட்டுக்கு மீற்றர் வரப்போகுது. உன்ட பேரில. என்ட கையெழுத்து முடிஞ்சி. உன்ட கையெழுத்துக்குரிய இடம் காலியாக் கிடக்கு. வந்து வை.”

“இவர்ட பேரில போட ஏலாதா?”

“வீடு ஆர்ர? உன்ட. அப்ப மீற்றரும் உன்ட. வந்து வைகா.”

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். இணைப்பு நின்றது.

பின்னேரம் தரகர் வந்தபோது வாசலில் அக்காவே நின்றாள். அவர் கோப்பைத் திறக்கவில்லை. ‘கூப்பிடுங்க, வாறன்’ என்று போனவரை யாரும் கூப்பிடவில்லை. இப்போதெல்லாம் சந்தையில் என்னைக் கண்டால் மீன் பார்ப்பது போலக் குனிந்துகொள்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை புருஷனும் நானும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனோம். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களைக் கவனிக்க அங்கே ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார், இளம்பெண். எங்களை உட்காரச் சொல்லி, முழுவதையும் வாசித்தார். இரண்டு வரிகளின் கீழ் பென்சிலால் கோடிட்டார்: ஒரு வீடு, முடிவில் பயணச்சீட்டு முதலாளியின் செலவு. முறைப்பாட்டை எழுதி, மேலே அனுப்பவேண்டிய இடங்களுக்கு அனுப்பினார்.

“அவங்கள மேடத்தோட சண்டை பிடிக்கவேணாம் எண்டு சொல்லுங்க,” என்றார். “இந்த வரியக் காட்டி, அமைதியாக் கேக்கச் சொல்லுங்க. பதில் வந்தாலும் வராட்டியும் எனக்கு அறிவிக்கணும்.”

கேட்டதெல்லாம் கிடைத்தது என்று எழுதினால் அது பிழையான செய்தி. செவ்வாய்க்கிழமை வேலை நின்றது. வெள்ளிக்கிழமை வேலை இன்னும் மூன்று வாரம் இழுத்துப் பிறகு நின்றது. ஒரு வருடம் இரண்டாம் வீட்டில் கூட்டித் துடைத்ததற்கு எதுவும் வரவில்லை, இனியும் வராது. மேடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடவுச்சீட்டு விமானத்துக்கு மூன்று நாள் முன்பு கைக்கு வந்தது. பயணச்சீட்டு மேடத்தின் செலவில்தான் எடுக்கப்பட்டது. கடைசி நாளில் மேடமே ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்து, கட்டிப்பிடித்து அழுதாராம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் வந்திறங்கிய காலையில் நான் என் கேற்றடியில் நின்றேன். விமான நிலையத்திலிருந்து வந்த வான் ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் வாய்க்காலடியில் நின்றது. கயிறும் மண்ணிற நாடாவும் சுற்றிய ஒரு சூட்கேஸ், ஒரு கம்பளிப் பொதி. மகள் முதலில் அவளை அடையாளம் காணாதவள் போல அக்காவின் பின்னால் நின்றாள். பிறகு கலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து, கோடு போட்ட நாட்களைக் காட்டத் தொடங்கினாள். வெளிநாட்டுக்குப் போன பெண்களைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். பெட்டியில் வந்தவர்கள், காயத்தோடு வந்தவர்கள், வராமலே போனவர்கள். காலால் நடந்து, மூட்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போன ஒருத்தியைப் பற்றி ஒரு வரி கூட எழுதியதில்லை. அது செய்தி அல்ல என்று எங்கள் தொழிலில் முடிவு செய்திருந்தோம்.

ஒரு மாதம் கழித்து மின்சார அலுவலகத்து ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். பின் வீட்டுச் சுவரில் மீற்றர் ஏறியது. முருங்கையிலிருந்து பழைய வயர் இறங்கியது; நடுவில் நின்ற கம்பில் இப்போது மீன்வலை காய்கிறது. ஏறாவூர்க்காரர் வந்து இரண்டு பில்லையும் அடித்தபோது, “இப்ப ரெண்டு வீட்டையும் காணுறன்,” என்றார். இரண்டையும் கூட்டினாலும் பழைய ஒன்றுக்குக் கிட்டவும் வரவில்லை. ஊர் கதைத்தது உண்மைதான். கோவிலடியில் ஒரு பெண் அக்காவை நிறுத்தி, “என்னகா, தங்கச்சி வந்ததும் பிரிஞ்சிட்டீங்களாம்?” என்று கேட்டாளாம். “ஓம், மீற்றர் பிரிஞ்சிட்டு. நீயும் பிரிச்சிப் பார், உனக்கும் பில்லு குறையும்,” என்று சொன்னதாக அக்கா எனக்குச் சொன்னாள். அந்தப் பெண்ணும் அடுத்த கிழமை என்னிடம் படிவம் கேட்டு வந்தாள்.

இதை எழுதத் தூண்டியது இதற்கிடையில் நடந்த ஒரு சின்ன விஷயம். மீற்றர் பொருத்திய மறுநாள் காலை, அக்காவின் மகன்களுடைய பழைய பத்திரிகைக் கட்டை வாங்கப் போனேன். இளையவள் முன் வீட்டுக்குள் நின்று கூட்டிக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அப்படித்தானாம்: விடிய எழும்பி, தன் வீட்டைக் கூட்டி முடித்து, யாரும் கேட்காமலே தும்புத்தடியோடு முன் வீட்டுக்கும் வந்துவிடுவாள். அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். தங்கையைப் பார்த்தாள். கோப்பையை மெஷினின் மேல் வைத்துவிட்டுப் போய், தும்புத்தடியைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

“இது என்ட வீடு. நான் கூட்டுவன். உனக்கு ஒரு வீடுதான்கா இப்ப. அத மட்டும் கூட்டு.”

“கை சும்மா இரிக்குதில்லக்கா.”

“இரிக்கப் பழகு. இந்தா, தேத்தண்ணியக் குடி.”

இளையவள் வாசற்படியில் இருந்து தேநீரைக் குடித்தாள். நான் பத்திரிகைக் கட்டோடு திரும்பியபோதும் அப்படியே இருந்தாள், ஆற்றுப் பக்கம் பார்த்தபடி, இரண்டு கையும் மடியில்.